சாமத்திய வீட்டில் ஐந்து கோல்

அந்த மண்டபத்தின் சாவி பத்தொன்பது வருடமாக என் இடுப்பில் தொங்குகிறது. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் ஒரு சின்ன ஊர். மண்டபம் நகரசபைக்குச் சொந்தம். ஒரு முனையில் திரை போட்ட மேடை, ஒரு பக்கம் பார்வையாளர் படிகள். கிழமை நாட்களில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவார்கள். சனி, ஞாயிறு போட்டி நடக்கும். தரை துடைப்பது, விளக்கு மாற்றுவது, கோல் கம்பம் இழுத்து வைப்பது, தரையில் கோடு போடும் கறுப்பு அடிச் சப்பாத்தோடு வருபவனைத் திருப்பி அனுப்புவது. இவ்வளவும் என் வேலை. எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது.

எனக்கு முன்னால் இருந்தவருக்கு வேலை போன காரணம் ஊருக்கே தெரியும். தம்பியின் கலியாணத்துக்கு, அலுவலகத்தில் கேட்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்டார். அடுத்த கிழமை சாவி என் கைக்கு வந்தது. ஆகவே, தெரியாமல் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

மாசி மாதம் மச்சான் வீட்டுக்கு வந்தார். மனைவியின் தமையன். அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்திய வீட்டுக்கு ஐயர் சித்திரையில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்திருந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்.

"மச்சான், உங்கட ஹோல் அண்டைக்குச் சும்மாதானே கிடக்கும்?"

"ஓம்."

"அப்ப நான் கார்ட் அடிக்கக் குடுக்கிறன்."

"ஓம்."

மண்டபம் வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு அன்ட்ராக் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு பக்கப் படிவம்தான். தேத்தண்ணி குடிக்கிற மச்சானின் முன்னால் படிவத்தை நீட்ட எந்த மனிதனால் முடியும்? நானே பிறகு எழுதிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

சித்திரை பிறந்தது. ஒரு விளையாட்டு அணியும் வந்தது.

பசிபிக் கடலில் ஒரு தீவு நாடு. மனைவி போனில் வரைபடத்தை இரண்டு விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துக் காட்டினாள். கடைசியில் எள்ளு விழுந்தது போல ஒன்று தெரிந்தது. அந்த எள்ளின் பத்தொன்பது வயதுக்குட்பட்ட தேசிய ஃபுட்சால் அணி. ஃபுட்சால் என்றால் மண்டபத்துக்குள் பக்கத்துக்கு ஐந்து பேராக விளையாடும் உதைபந்து. பந்து சின்னது, பாரம், அவ்வளவாக எழும்பாது. ஐரோப்பாவில் வேறெங்கோ ஒரு சுற்றுப்போட்டிக்குப் போகும் வழியில் பத்து நாள் இங்கே தங்கிப் பயிற்சி. எங்கள் மண்டபத்துக்கு அடுத்த கட்டடம் இளைஞர் விடுதி. அங்கேதான் படுக்கை.

முதல் நாள் பதினான்கு பேரும் கறுப்பு அடிச் சப்பாத்தோடு வந்து நின்றார்கள். நான் சுவரில் இருந்த பலகையைக் காட்டினேன். பயிற்சியாளர் பலகையைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார், ஒரு சொல் சொன்னார். பதினான்கு பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனார்கள். பலகையில் வெறுங்காலைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அன்று அவர்கள் ஓடியதைப் பார்த்த பிறகு, யாரும் தேடி வராத சப்பாத்துகளை நான் போட்டுவைக்கும் பெட்டியைத் திறந்து விட்டேன். பத்தொன்பது வருடத்துச் சப்பாத்துகள். ஒருவன் இடக்காலில் பச்சை, வலக்காலில் சிவப்பு போட்டுக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்தான். நான் அவனைத் தள்ளிவிட்டேன்.

பயிற்சியாளர் கதவுக்குள் பக்கவாட்டாக நுழைகிற மனிதர். ஆங்கிலம் பேசுவார். எனக்குப் பாதி விளங்கும். அவர்கள் நாட்டில் ஒரே ஒரு விளையாட்டு மண்டபம் இருந்ததாம். அதன் கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது. தேவாலயத்துக்குப் பக்கத்துச் சிமெந்துத் தரையில் தங்களுக்குள் தாங்களே விளையாடிப் பழகியவர்கள். வேறொரு அணியை அவர்கள் எதிர்த்து ஆடியதே இல்லை. சுற்றுப்போட்டிக்கு முன் ஒரே ஒரு பயிற்சி ஆட்டத்துக்கு ஒழுங்கு செய்திருக்கிறார்கள். இந்த வட்டார இளைஞர் அணியோடு.

"எப்போது?" என்று கேட்டேன்.

"சனிக்கிழமை பதினொரு மணி. உனக்குச் சொல்லவில்லையா?"

அடுத்த நாள் அலுவலகத்துக் கடிதம் வந்தது. சாமத்திய வீட்டுச் சனிக்கிழமையேதான்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணைக்குச் சொன்னியளோ?"

"இல்லை."

"ஒஃபீசுக்கு?"

"இல்லை."

"வேற ஆருக்குத்தான் சொன்னியள்?"

"உமக்கு."

"நல்லாயிருக்கு. முந்நூற்றைம்பது கார்ட் போயிட்டுது. ஒஃபீசுக்குத் தெரிஞ்சால் வேலை போகும். அண்ணைக்குத் தெரிஞ்சால் நான் தாய்வீட்டுப் பக்கம் தலை வைச்சும் படுக்கேலாது. மனுசன் இரண்டு மாதமா வாயுக்குள்ள என்னத்தை வைச்சிருந்தனீங்கள்?"

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது, சொன்னேன். கார்டில் பத்து மணி என்று இருக்கிறது. முகூர்த்தம் பன்னிரண்டே கால். எங்கள் ஆட்கள் பத்து என்றால் பன்னிரண்டுக்கு வருவார்கள். ஆட்டத்தை எட்டரைக்கு மாற்றினால் பத்துக்கு முடிந்துவிடும். வேர்வை மணம் போக ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

"கார்ட்டில பத்து எண்டுதானே கிடக்கு?"

"எங்கட சனம் பத்துக்குத்தான் எழும்பும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

இரண்டு அணிக்கும் சொன்னேன். சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தரையைக் கழுவும் இயந்திரம் வருகிறது, ஆட்டம் எட்டரைக்கு என்று. அது முழுப் பொய் அல்ல. இயந்திரத்தை ஓட்டுவது நான்தான்.

வெள்ளி மாலை, பயிற்சி முடிந்து பையன்கள் போனதும், மணவறைக்காரர் வந்து மேடையில் பெரிய வெள்ளை அன்னம் ஒன்றை நிறுத்தினார். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் வாழை. மச்சான் வீட்டுப் பெண்கள் பதினொரு தட்டுப் பலகாரம் கொண்டுவந்து அன்னத்தின் காலடியில் அடுக்கினார்கள். அரியதரம், பயற்றம் உருண்டை, முறுக்கு, லட்டு. எல்லாம் மினுங்கும் தாளால் மூடிக் கட்டியது. நான் திரையை இழுத்து மூடினேன். திரைக்கு முன்னால் கோல் கம்பத்தை வைத்தேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை எட்டு இருபதுக்கு ஜெர்மன் பையன்கள் வந்து உடம்பை முறித்துக்கொண்டிருந்தார்கள். எட்டரை ஆனது. தீவுக்காரரைக் காணவில்லை. ஒன்பது ஆனது. நான் விடுதிக்கு நடந்து போனேன்.

பதினான்கு பேரும் மேல்சட்டை இல்லாமல் வரிசையில் நின்றார்கள். வரிசையின் முன்னால் ஒரு மேசை. மேசையில் விடுதியின் ஒரே அயன் பெட்டி. நாட்டின் சட்டையை அன்றுதான் அவர்கள் முதன்முதல் போடப்போகிறார்கள். சுருக்கத்தோடு போடுவதில்லையாம். ஐந்தாவது சட்டை ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் தன் கையால் தேய்த்தார். அவசரமே இல்லை. கழுத்துப் பட்டியை மூன்று முறை தேய்த்தார்.

"எட்டரை என்றேன்" என்றேன்.

"ஆம்" என்றார் அவர். "எட்டரையிலிருந்து தேய்க்கிறோம்."

எங்கள் சனம் பிந்தி வரும் என்பதை மட்டும்தான் நான் கணக்கில் எடுத்திருந்தேன். உலகத்தில் பிந்தி வருகிற வேறு சனமும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு அவர்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெரிய கதவு மறுபடி திறந்தது. கையில் பூங்கொத்தோடு ஜெர்மன்காரர் முப்பது பேர். மச்சானின் மகளின் வகுப்புப் பிள்ளைகள், அவர்களின் தாய் தகப்பன்மார், வகுப்பு ஆசிரியை. அவர்களுக்கும் கார்ட் போயிருக்கிறது. கார்டில் பத்து மணி. ஜெர்மன்காரனுக்குப் பத்து என்றால் பத்துதான். இதையும் நான் நினைக்கவில்லை.

எல்லோரும் படிகளில் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். பூங்கொத்து மடியில்.

தீவுப் பையன்கள் நடுவட்டத்தில் வரிசையாக நின்றார்கள். ஒருவன் கத்தினான். பதினான்கு பேரும் தொடையில் அடித்து, நெஞ்சில் அடித்து, நாக்கை நீட்டி, தரையை மிதித்தார்கள். படிகள் அதிர்ந்தன. ஆட்டத்துக்கு முன் அவர்கள் வழக்கம் அது. ஆசிரியை என் பக்கம் குனிந்தார்.

"இது சடங்கில் ஒரு பகுதியா?"

"யா" என்றேன்.

அவர் திரும்பிப் பிள்ளைகளுக்கு மெதுவாக ஏதோ விளக்கினார். பிள்ளைகள் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒரு தகப்பன் எழுந்து நின்று கைதட்டினார். மற்றவர்களும் எழுந்தார்கள்.

ஆட்டம் தொடங்கியது. நான் மணிக்கூட்டுப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ஃபுட்சாலில் பாதிக்கு இருபது நிமிடம். ஆனால் பந்து வெளியே போனால் மணிக்கூட்டை நிறுத்த வேண்டும். அதை நிறுத்தும் பொத்தான் என் விரலுக்குக் கீழே.

நான்காவது நிமிடம் பந்து கோலுக்கு மேலால் போய்த் திரைக்குள் விழுந்தது. பச்சை-சிவப்புச் சப்பாத்துக்காரன் உள்ளே ஓடினான். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பந்தோடு வந்தான். வாய் அசைந்தது. நெஞ்சில் சீனித் தூள்.

இரண்டு நிமிடத்தில் பந்து மறுபடி திரைக்குள் போனது. வேறொருவன் ஓடினான். அவன் வரும்போது கன்னம் வீங்கியிருந்தது. மூன்றாவது தடவை அடித்தவன் தீவுப் பையன்தான், எதிரணிக் கோல் பக்கம் பார்க்கவே இல்லை. தங்கள் கோலுக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்து அடித்தான். அந்தக் கம்பத்தில் நின்ற அவர்களுடைய கோல் காப்பாளன் திரும்பித் திரும்பித் திரையைப் பார்த்து, தனக்கு மட்டும் முறை வராததைப் பற்றி முறைப்பட்டான். அதற்குள் ஜெர்மன் பையன்கள் இரண்டு கோல் போட்டார்கள்.

பயிற்சியாளர் ஒரு சொல் சொன்னார். அதன் பிறகு பந்து திரைப் பக்கம் போகவில்லை. பாதி முடியும்போது நான்குக்கு இரண்டு. தீவுக்காரர் பிந்தித்தான் இருந்தார்கள், ஆனால் வாயில் ஒன்றும் இல்லாமல் ஓடினார்கள்.

இடைவேளையில் ஷெஃப் வந்தார். அலுவலகத்தில் எனக்கு மேலே இருப்பவர். சனிக்கிழமை அவர் வருவதே இல்லை. வெளிநாட்டுத் தேசிய அணி என்பதால் பார்க்க வந்தாராம். பதினொரு மணிக்குப் பார்க்க என்று வந்தவர், ஆட்டம் பாதி முடிந்திருந்ததைப் பார்த்தார்.

"ஏன் மாற்றினாய்?"

"தரை."

அவர் தரையைப் பார்த்தார். தரை மினுங்கியது. என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். எங்கள் சனம் வரத் தொடங்கியது. பன்னிரண்டுக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றேகாலுக்கு. பட்டுச் சேலை, வேட்டி, தள்ளுவண்டியில் குழந்தை. கதவில் வருவார்கள், ஆட்டத்தைப் பார்ப்பார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பிறகு படியில் உட்காருவார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு நல்ல பழக்கம், சாப்பாடு கட்டாயம் வரும் என்று தெரிந்தால் வேறு கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஷெஃப் திரும்பிப் பார்த்தார். நூறு பேர் இருப்பார்கள். இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.

"இவர்கள் யார்?"

"ரசிகர்கள்."

"யாருடைய?"

நான் தீவுப் பையன்களைக் காட்டினேன். அவர் அவர்களைப் பார்த்தார், எங்கள் சனத்தைப் பார்த்தார். இரண்டும் கறுப்பு. அவருக்கு அது ஓரளவு பொருந்தியிருக்க வேண்டும். அந்த நேரம் மேளகாரர் வந்தார். தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு. ரசிகர்களிடம் மேளம் இருப்பது இந்த நாட்டில் வழக்கம்தானே. எனக்கு மூச்சு வந்தது.

எங்களுக்குப் பின் படியில் இருந்த ஒரு அண்ணை சத்தம் போட்டார்.

"டேய் தம்பி, குடுடா பந்தை! தனிய என்னத்தை விழுங்கிறாய்?"

"உது ஆற்ற பெடியள் அண்ணை?"

"ஆருக்குத் தெரியும். எங்கட நிறம். அடியடா!"

அவன் அடித்தான். நான்குக்கு மூன்று. மேளகாரருக்குக் கை சும்மா இருக்காது. கெட்டிமேளம் கொட்டினார். தாலி கட்டினால் எப்படியோ அப்படி. படியில் இருந்த ஒரு ஆச்சி பழக்கத்தில் அரிசியை எடுத்து எறிந்தார். ஜெர்மன் விருந்தாளிகள் இதையும் படம் பிடித்தார்கள். பூவை எடுத்து எறிந்தது ஆசிரியை என்று நினைக்கிறேன்.

நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். நான் அரிசியைக் கூட்டினேன். திரும்ப வந்து உட்கார்ந்தபோது மணி பதினொன்றரை. மணிக்கூட்டில் ஒன்பது நிமிடம் மீதி. ஒன்பது நிமிடம் என்றால் நிறுத்தி நிறுத்தி இருபது நிமிடம் வரும். மனைவி கதவில் நின்று கையைக் காட்டினாள். மச்சானின் கார் வந்துவிட்டது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. பந்து வெளியே போகும்போது பொத்தானை அழுத்தாமல் விட்டால் ஒன்பது நிமிடத்தில் ஆட்டம் முடியும். யாருக்கும் தெரியாது. சாவி தப்பும். நான் ஒரு தடவை விட்டேன். மணிக்கூடு ஓடியது. ஆறு, ஏழு, எட்டு வினாடி. பயிற்சியாளர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். கத்தவில்லை. திரும்பி மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதல் நாள் சுவர்ப் பலகையைப் பார்த்தாரே, அந்த அமைதியோடு.

பூமிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்த நாற்பது நிமிடத்துக்காக வந்தவர்கள். நான் மணிக்கூட்டை நிறுத்தினேன். ஓடிய எட்டு வினாடியையும் திருப்பிப் போட்டேன். அதன் பிறகு விரலை எடுக்கவே இல்லை.

வாசலில் நடந்ததை மனைவி பிறகு சொன்னாள். மச்சான் காரை விட்டு இறங்கியதும் உள்ளே மேளம் கேட்டிருக்கிறது, கத்தல் கேட்டிருக்கிறது.

"என்னடி உள்ளுக்கு?"

"அண்ணை, இவர் வெளிநாட்டு ஆட்டக்காரரை ஒழுங்கு செய்திருக்கிறார். பிள்ளைக்குச் சர்ப்பிரைசாம். கொஞ்சம் நில்லுங்கோ, ஆலாத்தி எடுக்கோணும்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே!"

"அவர் எப்ப ஆருக்குச் சொன்னவர்?"

இதை மச்சானால் மறுக்க முடியவில்லை. மனைவி பெண்ணுக்கு ஆலாத்தி எடுத்தாள். பிறகு பெண்ணின் தாய்க்கும் சேர்த்து எடுத்தாள். கண்ணூறு கூட என்று சொல்லி எலுமிச்சங்காய் வெட்டினாள். காருக்கும் ஒன்று வெட்டினாள்.

உள்ளே ஆறுக்கு ஐந்து. பதினொரு வினாடி மீதி. பந்து வெளியே. மணிக்கூடு நின்றது. முந்நூறு பேர் நின்றார்கள். பச்சை-சிவப்புக்காரன் அடித்தான். பந்து கம்பத்தில் பட்டு "டங்" என்று கேட்டது. வெளியே போனது. அவ்வளவுதான். தோற்றார்கள். தோற்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பயிற்சியாளர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அழுகிறாரா என்று நான் பார்க்கப் போகவில்லை.

பன்னிரண்டாக எட்டு நிமிடம் இருந்தது. நான் கதிரை அறையைத் திறந்தேன். ஜெர்மனில் உதவி கேட்டு "ஹில்ஃப" என்று ஒரே சொல் சொன்னேன். இரண்டு அணியும் வேர்வையோடு கதிரை தூக்கின. ஜெர்மன் தகப்பன்மாரும் தூக்கினார்கள். ஷெஃப்பின் கையிலும் யாரோ இரண்டு கதிரையைக் கொடுத்துவிட்டார்கள். அவர் அதைக் கொண்டுபோய் வரிசையில் வைத்தார். நிமிர்ந்தபோது மனைவி திரையைத் திறந்தாள்.

அன்னம் நின்றது. கழுத்துக் கொஞ்சம் சரிந்திருந்தது. பதினொரு தட்டில் மூன்று வெறும் தட்டு.

ஷெஃப் அன்னத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரசிகர்கள்" என்றார்.

நான் இடுப்பிலிருந்து சாவிக் கொத்தைக் கழற்றினேன். அவர் கேட்கும்முன் கையில் வைத்திருப்பது நல்லது என்று பட்டது.

அந்த நேரம் ஆசிரியை வந்து ஷெஃப்பின் கையைப் பிடித்தார். நகரசபை இப்படி ஒரு நிகழ்வை ஒழுங்கு செய்ததற்கு நன்றி என்றார். இரண்டு கலாசாரத்தை இவ்வளவு அழகாகச் சேர்த்ததை இதுவரை பார்த்ததில்லை என்றார். பின்னால் நின்ற தகப்பன்மாரும் ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். ஷெஃப் எல்லோருக்கும் தலையாட்டினார். காது சிவந்திருந்தது. என் கையில் இருந்த சாவியை அவர் பார்த்தார். வாங்கவில்லை.

கதவு திறந்தது. தீவுப் பையன்கள் யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் வரிசையாக நின்று பாடத் தொடங்கினார்கள். நடுவால் மச்சானின் மகள் நடந்து வந்தாள். தலையிலிருந்து இடுப்புவரை நகை. என் பக்கம் வரும்போது உதடு அசையாமல் கேட்டாள்.

"மாமா, எத்தினைக்கு எத்தினை?"

"ஆறுக்கு அஞ்சு."

"ஆர் வெண்டது?"

"மற்றவை."

அவள் ஜெர்மனில் ஒரு கெட்ட சொல் சொன்னாள். மச்சானுக்குக் கேட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்காதவர்போல நடந்தார். அன்று முழுக்க அவர் எல்லோரிடமும் அந்த ஆட்டக்காரரைத் தானே வரவழைத்ததாகச் சொன்னார் என்று கேள்வி.

ஷெஃப் மூன்று மணிவரை இருந்தார். வாழையிலையில் சாப்பிட்டார். அதற்கு முன் மரக்கறி ரோல்ஸ் ஐந்து சாப்பிட்டார். எண்ணியது மனைவி.

செவ்வாய்க்கிழமை எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கையில் தரப்பட்டது. பத்தொன்பது வருடத்தில் முதலாவது. இரண்டு பக்கம். அனுமதி இல்லாமல் மண்டபத்தைக் கொடுத்தது. போட்டி நேரத்தை மாற்றியது. அளவுக்கு மேல் ஆட்களை உள்ளே விட்டது. கேட்டபோது உண்மை சொல்லாதது. நான்கும் சரி. மனைவி வாசித்துக் காட்டிவிட்டுக் கேட்டாள்.

"ரோல்ஸைப் பற்றி ஒண்டும் போடேல்லையோ?"

"இல்லை."

"அப்ப சைன் வையுங்கோ."

வைத்தேன்.